பழுதை எடுத்த பின்னும் வராத பிங்

நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் புரோகிராம்) எழுதுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தால் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: “இது எங்கப்பா ஃபெயில் ஆகப்போகுது?” மெமரி கேட்கிற வரி ஒன்று இருக்கும். அதற்குக் கீழே, கிடைக்காவிட்டால் எதை எதை விடுவித்துவிட்டு வெளியேற வேண்டும் என்று ஏழெட்டு வரிகள் இருக்கும். ரிவ்யூவில் யாராவது அந்த ஏழெட்டு வரிகளைக் கிளறினால் இந்தக் கேள்விதான் பதிலாக வரும். கிளறியவரும் அதோடு விட்டுவிடுவார். சொல்லப்போனால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில், காத்திருக்கத் தயார் என்று சொல்லி எட்டு பக்கம் வரை, அதாவது 32 கேபி வரை மெமரி கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் அநேகமாக வராது. பழைய பக்கங்களைக் காலி செய்து பார்க்கும், டிஸ்க்குக்கு எழுதித் தள்ளும், எதுவும் முடியாவிட்டால் ஓஓஎம் கில்லரை அனுப்பி யாருடைய பிராசஸையாவது கொன்று இடம் பிடிக்கும். கையை மட்டும் விரிக்காது. 2014 டிசம்பரில் கெர்னல் டெவலப்பர்களுக்குள் இது பெரிய விவாதமாகவே வெடித்தது. ஃபைல் சிஸ்டம் எழுதுகிற பழுத்த ஆட்களே “அப்படியா நடக்கிறது?” என்று அதிர்ந்துபோனார்கள்.

ஃபெயில் ஆகாது என்பது உண்மையானால், ஃபெயில் ஆனால் என்ன செய்வது என்று எழுதிய வரிகள் ஒருமுறைகூட ஓடியதில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டாவது பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். 2001இல் ஸ்டான்ஃபோர்டில் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி கெர்னல்களைக் கருவி வைத்து அலசியபோது, சில வகைப் பிழைகள் டிரைவர்களில் மற்ற பகுதிகளைவிட மூன்றிலிருந்து ஏழு மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மையப் பகுதியை எல்லோரும் ஓட்டுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் கார்டின் டிரைவரை அந்தக் கார்டு வைத்திருப்பவர் மட்டும்தான் ஓட்டுகிறார், அதுவும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாட்களில்.

இதில் நெட்வொர்க் டிரைவருக்கு இன்னொரு சிக்கல். பாக்கெட் உள்ளே வரும் பாதை சாஃப்ட்இன்டரப்ட்டில், அதாவது கார்டு கூப்பிட்டதும் கெர்னல் அவசரமாக ஓட்டும் சூழலில், ஓடுகிறது. அங்கே தூங்க, அதாவது காத்திருக்க, முடியாது. ‘உடனே இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்’ என்ற வகையில்தான் மெமரி கேட்க முடியும். மேலே சொன்ன உத்தரவாதம் எதுவும் இந்த வகைக்குக் கிடையாது. ஆக “எங்கப்பா ஃபெயில் ஆகப்போகுது” என்பதற்கு கார்டை இயக்கத் தொடங்கும் ‘ஓப்பன்’ பாதையில் ஒரு பதில், பாக்கெட் வாங்கும் பாதையில் வேறு பதில். ஒரே ஃபைலில், நூறு வரி இடைவெளியில்.

டிஃபால்ட்டில் ஒளிந்திருப்பவை

வேண்டுமென்றே பழுதைப் புகுத்திப் பார்க்கும் வசதி லினக்ஸில் 2007லேயே வந்துவிட்டது; 2.6.20 பதிப்பு, எழுதியவர் அகினோபு மிட்டா. ஃபெயில்ஸ்லாப் என்பது சின்ன ஆப்ஜெக்ட்டுகளுக்கு, ஃபெயில் பேஜ் அலாக் என்பது பக்கங்களுக்கு. கெர்னலின் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் டிபக்எஃப்எஸ் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டரி. உள்ளே ப்ராபபிலிட்டி, இன்டர்வல், டைம்ஸ் என்று சின்னச் சின்ன ஃபைல்கள். ப்ராபபிலிட்டியில் 10 என்று எழுதினால் நூற்றுக்குப் பத்து கோரிக்கைகள் தோற்கும். பார்க்க அவ்வளவு எளிமை. ஆனால் இந்த ஃபைல்கள் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் என்ன மதிப்போடு இருக்கின்றன என்று பார்க்காமல் ஓட்டினால், எதையுமே சோதிக்காமல் ‘பாஸ்’ என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம்.

டைம்ஸ் என்பது தொடக்கத்தில் 1. ஒரே ஒருமுறை பழுது கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். மைனஸ் ஒன்று என்று எழுதினால்தான் வரம்பில்லாமல் போகும். பக்கங்களுக்கான டைரக்டரியில் மின்ஆர்டர் என்று ஒன்று உண்டு, அதுவும் 1. அதாவது இரண்டு பக்கம் அல்லது அதற்கு மேல் கேட்டால்தான் பழுது. இன்றைய டிரைவர்களில் பெரும்பாலானவை பாக்கெட் வாங்க ஒற்றைப் பக்கமாகத்தான் கேட்கின்றன. அந்த ஒன்றைப் பூஜ்யம் ஆக்காதவரை ராத்திரி முழுக்க ஓடினாலும் அந்தப் பாதையில் கை வைக்காது. இன்னொன்று, காத்திருக்கக்கூடிய கோரிக்கைகளைத் தொடாதே என்பதும் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். ஓப்பன் பாதையைச் சோதிக்க வேண்டுமானால் அதை அணைக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமானது டாஸ்க் ஃபில்டர். இந்தப் பிராசஸ் கேட்டால் மட்டும் தோற்கடி என்று குறித்துக்கொள்ளும் வசதி. மற்ற பிராசஸ்களைத் தொந்தரவு செய்யாது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். 2017இல் வந்த ஃபெயில்என்த் இதன் அழகான வடிவம். அடுத்த சிஸ்டம் காலில் (பிராசஸ் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பில்) மூன்றாவது கோரிக்கையை மட்டும் தோற்கடி, பிறகு நான்காவதை, ஐந்தாவதை என்று ஒன்றுகூட விடாமல் நடக்கலாம். இன்டெல் இ1000 டிரைவரின் ஓப்பன் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் வளையத்துக்கு (பஃபர்களின் சுற்று வரிசைக்கு) மெமரி, வாங்கும் வளையத்துக்கு மெமரி, அப்புறம் இன்டரப்ட் பதிவு. தோற்றால் கீழே மூன்று லேபிள்கள், ஏறிய படிகளிலேயே தலைகீழ் வரிசையில் இறங்குவது மாதிரி. ஃபெயில்என்த் வைத்து ஒவ்வொரு லேபிளிலும் போய் விழுந்து பார்க்கலாம். தானாகவே கெர்னல் பிழைகளைத் தேடும் சிஸ்காலர் இப்படித்தான் கெர்னல் முழுக்கத் தோண்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஃபில்டர்கள் இரண்டும் பிராசஸ் சூழலில் மட்டும்தான் வேலை செய்யும். சாஃப்ட்இன்டரப்ட்டுக்குள் போனால், அங்கே ஓடுவது யாருக்கான வேலை என்று சொல்ல முடியாது என்பதால், ஒதுங்கிக்கொள்ளும். விளைவு என்ன? இருப்பதிலேயே துல்லியமான கருவி, நிஜத்தில் மெமரி கிடைக்காமல் போகிற ஒரே இடமான பாக்கெட் வாங்கும் பாதையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அங்கே கை வைக்க வேறு வழி ஸ்டாக்ட்ரேஸ் ஃபில்டர். டிரைவர் மாட்யூலின் டெக்ஸ்ட் பகுதி (அதன் கோட்) எந்த முகவரியில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எடுத்துக் கொடுத்தால், அந்த எல்லைக்குள்ளிருந்து வந்த கோரிக்கைகள் மட்டும் தோற்கும். சில வருடங்களுக்கு முன்புவரை 64-பிட் எக்ஸ்86இல் இது கிடைக்காமலேயே இருந்தது. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்ததோ அதே மெஷின்களில்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு “நாங்க நெட்எம் வச்சு பாக்கெட் லாஸ் டெஸ்ட் பண்றோமே” என்று சொல்பவர்கள் உண்டு. நெட்எம், டிரைவருக்கு மேலே, க்யூ மட்டத்தில் பாக்கெட்டைத் தூக்கி எறிகிறது. டிரைவருக்கு அது நடந்ததே தெரியாது.

பந்தியில் இலை தீர்ந்தால்

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு டிரைவரைச் சோதிக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. மேலே சொன்ன மதிப்புகளையெல்லாம் சரியாக வைத்து, ப்ராபபிலிட்டி 10 என்று போட்டு, தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கேசான் ஆன் செய்த கெர்னலில் ராத்திரி முழுக்க ட்ராஃபிக் ஓடவிட்டோம். காலையில் டீமெசேஜில் (கெர்னல் லாகில்) பழுது கொடுத்ததற்கான தடயங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கேசான் ஒரு வார்த்தை பேசவில்லை. பானிக் (கெர்னல் நிலைகுலைந்து நிற்பது) இல்லை, லீக் இல்லை. நல்ல டிரைவர் என்று எழுதிவிடலாம் என்ற கட்டம். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், சீக்கிரம் முடியட்டும் என்று 10ஐ எடுத்துவிட்டு 100 என்று போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் விட்டு, பூஜ்யம் ஆக்கியிருக்கிறாள்.

“அண்ணா, ஃபால்ட்டை எடுத்துட்டேன். ஆனா பிங் வரமாட்டேங்குது.”

“மெஷின் ஹேங் ஆயிடுச்சா?”

“இல்லண்ணா, சீரியல் கன்சோல்ல கமாண்ட் எல்லாம் ஓடுது. லிங்க்கும் அப்லதான் இருக்கு.”

போய்ப் பார்த்தால் அப்படியேதான். லிங்க் அப். டிஎக்ஸ் (அனுப்பும் பக்க) கவுண்டர் ஏறிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்க மெஷினில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால், இவன் ஏஆர்பி (எதிர் மெஷினின் கார்டு முகவரி) கேட்பது ஒழுங்காக வருகிறது. அவன் பதிலும் அனுப்புகிறான். பதில் இவனுடைய கார்டு வரை வந்து நிற்கிறது. கார்டின் கவுண்டர்களைக் காட்டும் எத்டூல் எடுத்துப் பார்த்தால் ‘பஃபர் இல்லை’ என்ற ஒரே ஒரு கவுண்டர் மட்டும், ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொன்றாக ஏறுகிறது. மெமரி தாராளமாக இருக்கிறது. பழுது நின்று நிமிடங்கள் ஆகிவிட்டன. இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி பிங் வந்தது.

நடந்தது இதுதான். பாக்கெட் வாங்கும் வளையம் என்பது கல்யாணப் பந்தி மாதிரி. டிரைவர் காலி இலைகளைப் போட்டு வைக்க வேண்டும். கார்டு வந்து பரிமாறும். பரிமாறியதும் குரல் கொடுக்கும். டிரைவர் எழுந்து வந்து நிறைந்த இலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது இலை போடும். மெமரி கிடைக்காத நேரத்தில் எடுப்பது மட்டும் நடக்கிறது, போடுவது நடக்கவில்லை. கடைசி இலையும் போன பிறகு கார்டுக்குப் பரிமாற இடமில்லை. பரிமாறாவிட்டால் குரல் இல்லை. குரல் கேட்காமல் டிரைவர் எழுந்திருக்காது. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள், யார் மேலும் தப்பு சொல்ல முடியாதபடி.

அனுப்பிய பாக்கெட் முடிந்ததற்கான இன்டரப்ட் வருமே, அப்போதாவது எழுந்திருக்காதா என்று கேட்கலாம். எழுந்தது. பாக்கெட் வாங்கும் வேலையைக் கூப்பிட்டு நடத்தும் நாப்பி என்ற கெர்னல் அமைப்பின் ‘போல்’ (poll) ஃபங்ஷன் ஓடவும் செய்தது. ஆனால் அந்த டிரைவரில் புது பஃபர் போடும் வரி, வந்த பாக்கெட்டை எடுக்கும் லூப்புக்கு உள்ளே இருந்தது. வந்தது பூஜ்யம் என்பதால் லூப்புக்குள் நுழையவே இல்லை. ஒரு அடைப்புக்குறிக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் மொத்த வித்தியாசமும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 10க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு. வளையத்தில் 256 இடம். நூற்றில் பத்து தோற்றால் இந்தச் சுற்றில் விட்டுப்போன இடங்கள் அடுத்த சுற்றில் நிரம்பிவிடும். வளையம் முழுதாகக் காலியாவதற்கு வாய்ப்பே இல்லை. அதே டெஸ்ட்டை எத்தனை ராத்திரி ஓட்டினாலும் பாஸ்தான் ஆகும். ஆனால் நிஜ மெஷினில் மெமரி நெருக்கடி நாணயம் சுண்டிப் போடுகிற மாதிரி வருவதில்லை. பேக்கப் ஓடத் தொடங்கும், சில விநாடிகளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்காது, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். வருவது மொத்தமாக வரும், போவதும் மொத்தமாகப் போகும். கருவி கொடுக்கிற ப்ராபபிலிட்டி என்ற எண், பழுதின் அளவைத்தான் சொல்கிறது. அதன் வடிவத்தைச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமானது, நாம் எப்போது பார்க்கிறோம் என்பது. கேசான், லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப், விடுவிக்காத மெமரியைப் பிடிக்கும் கேமெம்லீக் எல்லாமே பழுது நடக்கும்போது ஏதாவது உடைகிறதா என்று பார்ப்பவை. இந்த டிரைவரில் எதுவுமே உடையவில்லை. மெமரி ஒழுங்காக விடுவிக்கப்பட்டது, பாயிண்டர்கள் சரி, லாக் சரி. கூச்சல் போடாமல் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். நெட்வொர்க் டிரைவரில் பானிக் ஆவது ஒருவகையில் நல்ல சாவு. மெஷின் ரீபூட் ஆகும், தடயம் கிடைக்கும், யாராவது திருத்துவார்கள். ‘ராத்திரி மூணு மணிக்கு நெட் போச்சு, ரீஸ்டார்ட் பண்ணோம் சரியாயிடுச்சு’ என்று வரும் புகாருக்குத்தான் மருந்தே கிடையாது. ரீஸ்டார்ட் செய்யும்போது வளையம் புதிதாக நிரம்பிவிடுகிறது, தடயமும் அழிந்துவிடுகிறது.

பிறகு மற்ற டிரைவர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரியல்டெக்கின் ஆர்8169 டிரைவர் வளையத்திலிருக்கும் பஃபரை விட்டே கொடுப்பதில்லை. வந்ததைப் புது எஸ்கேபிக்கு, அதாவது கெர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் உறைக்கு, காப்பி எடுத்துக்கொள்ளும்; புதியது கிடைக்காவிட்டால் அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டு, பழைய பஃபரை அப்படியே கார்டிடம் திருப்பிக் கொடுத்துவிடும். வளையம் குறைய வழியே இல்லை. இன்டெல்லின் ஐ40இ வேறு விதம். பஃபர் போட முடியாவிட்டால், ‘போல்’ ஃபங்ஷன் ‘பட்ஜெட் (ஒரு தடவைக்கான வேலை அளவு) முழுதும் தீர்ந்தது, வேலை இன்னும் பாக்கி’ என்று நாப்பியிடம் பொய் சொல்லும். அதனால் நாப்பி விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இன்டரப்ட் வரவேண்டிய அவசியமே இல்லை. நெருக்கடி தீரும்வரை ஒரு சிபியு சும்மா சுற்றும் என்பது இதன் விலை. விர்ச்சுவல் மெஷின்களுக்கான விர்ட்ஐஓ-நெட் பல வருடங்களாக ஒரு தள்ளிப்போட்ட வேலையை வைத்துக்கொண்டிருந்தது. வளையம் காலி என்றால் தூங்க முடிகிற சூழலில் போய் நிரப்பப் பார்க்கும், அப்போதும் முடியாவிட்டால் அரை விநாடி கழித்து மறுபடி. எழுதியவர்களே, பஃபர் ஒன்றுகூட இல்லாவிட்டால் இனி எப்போதுமே நிரப்ப மாட்டோம் என்று அந்த இடத்தில் கமென்ட்டாக எச்சரித்திருப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் வழிதான் நிம்மதி. காப்பி எடுக்கிற செலவைச் சொல்லி வேகப் பைத்தியங்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 40 கிகாபிட் கார்டில் அவர்கள் சொல்வது சரி என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தோற்காத பழுது

அதன் பிறகு எங்கள் டெஸ்ட்டின் உருவமே மாறிவிட்டது. பழுதே இல்லாமல் ட்ராஃபிக், வளையம் தீரும் அளவுக்கு முழுப் பழுது, மறுபடி பழுதே இல்லாமல் ட்ராஃபிக். தீர்ப்பு மூன்றாவது கட்டத்தில்தான். அனுப்பும் பாதைக்கும் இதே கதை. ஒரு பாக்கெட் பல துண்டுகளாக வரும்போது நான்காவது துண்டுக்கு டிஎம்ஏ மேப்பிங் (கார்டு நேரடியாகப் படிக்க மெமரியைத் திறந்துவிடுவது) தோற்றால், முதல் மூன்றையும் அவிழ்த்துவிட்டு பாக்கெட்டைக் கைவிட வேண்டும். சில டிரைவர்கள் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பிவிடும். க்யூ அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து முட்டும். இதைத் தூண்ட ஃபெயில்ஸ்லாப் உதவாது. டேட்டாவை இடைப் பஃபருக்குக் காப்பி எடுத்துக் கொடுக்கும் எஸ்டபிள்யூஐஓடிஎல்பியைக் கட்டாயமாக்கி, அதன் பஃபர் குளத்தை வேண்டுமென்றே சிறிதாக வைத்து பூட் செய்தால் மேப்பிங் தானாகவே தோற்கும். போலிப் பழுது கொடுப்பதைவிட இது ஒருபடி மேல், நிஜமாகவே இடமில்லை.

துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. 2021இல் வந்த 5.12 கெர்னலிலிருந்து நாப்பியைத் தனி கெர்னல் த்ரெட்டில் ஓட்டலாம். அந்த த்ரெட்டுக்கு ஒரு பிராசஸ் எண் இருக்கிறது. டாஸ்க் ஃபில்டருக்கு அது பிராசஸ் சூழல்தான். ஆக அந்த த்ரெட்டை மட்டும் குறித்துவிட்டால், வாங்கும் பாதையில் மட்டும், அந்த ஒரு கார்டுக்கு மட்டும் பழுது. ஸ்டாக்ட்ரேஸ் முகவரிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று சேர்ந்தது: ஃபெயில் எஸ்கேபி ரீஅலாக். பெயரில் ஃபெயில் இருக்கிறதே தவிர, அது எதையும் தோற்கடிப்பதில்லை. எஸ்கேபியின் ஹெடரை நீட்டும்போது பெரும்பாலும் டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். எப்போதாவதுதான் வேறு இடத்துக்குக் குடிபோகும். நீட்டுவதற்கு முன் ஹெடருக்கு ஒரு பாயிண்டர் எடுத்து வைத்துக்கொண்டு, நீட்டிய பிறகும் அதையே பயன்படுத்தும் வரிகள் கெர்னலில் திரும்பத் திரும்ப முளைக்கின்றன. பெரும்பாலும் அதே இடம் என்பதால் எல்லாம் சரியாகவே நடக்கும். இந்தக் கருவி ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே இடத்தை மாற்றிவிடுகிறது. பழைய பாயிண்டரை வைத்திருப்பவர் உடனே கேசானிடம் மாட்டுவார். குறிப்பிட்ட டிவைஸ் பெயருக்கு மட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

டிரைவர் விழத்தான் செய்யும், அதைத் தனிப் பிராசஸாக வைத்துவிட்டால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாமே என்பது ஆம்ஸ்டர்டாமில் டானன்பாமின் குழு மினிக்ஸ் 3 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எடுத்த வழி. அந்தக் குழுவின் ஹெர்டரும் அவருடைய சகாக்களும் நான்கு ஈதர்நெட் டிரைவர்களில் 34 லட்சம் பழுதுகளைப் புகுத்தி 2009இல் வெளியிட்டார்கள். டிரைவர்கள் செத்துச் செத்து எழுந்தன; ஒருமுறைகூட சிஸ்டம் கிராஷ் ஆகவில்லை. ஒரே ஒரு ஹேங் மட்டும் பார்த்தார்கள், அதுவும் ஹார்ட்வேர் கோளாறு போலத் தெரிகிறது என்று எழுதினார்கள். படித்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் டிரைவர் அங்கே இருந்திருந்தாலும் தப்பித்திருக்குமோ என்னவோ. செத்தால் எழுப்பலாம். உயிரோடு இருந்துகொண்டு பாக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருப்பதை, யாராவது வெளியிலிருந்து பிங் செய்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

எங்களுக்குள் இன்னும் முடியாத சண்டை, மூன்றாவது கட்டத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது. அனுப்பும் பக்கத்துக்குக் கெர்னலே ஒரு வாட்ச்டாக் (முடங்கிவிட்டதா என்று பார்க்கும் டைமர்) வைத்திருக்கிறது, டிரைவர் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து விநாடி. வாங்கும் பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நான் அதே ஐந்தை வைத்திருக்கிறேன். அந்தப் பெண், இப்போது சோதனைப் பொறுப்பு முழுக்க அவளுடையதுதான், ஐந்து ரொம்பத் தாராளம் என்கிறாள். “விர்ட்ஐஓவுக்கே அரை செகண்ட் போதும்ணா, இவங்களுக்கு எதுக்கு அஞ்சு?” ஒன்று என்று மாற்றி ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறாள். அதை வைத்து ஓட்டினால் எங்களிடம் இருக்கும் டிரைவர்களில் இரண்டு தோற்கின்றன. அவற்றை எழுதியவர்களிடமிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால், பேட்ச்சை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.